எச்-இண்டெக்ஸ் 19-ஆ, 31-ஆ? மருத்துவ ஆய்வாளர்களின் மேற்கோள் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு மருத்துவ ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரைகள், அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் (அதாவது பிறர் தங்கள் கட்டுரையின் குறிப்புப் பட்டியலில் அவற்றைச் சுட்டிய தடவைகள்), அவற்றை வைத்துப் போடப்படும் மதிப்பெண்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் துறைப் பேராசிரியரின் எச்-இண்டெக்ஸ் கூகுள் ஸ்காலரில் 31, ஸ்கோபஸில் 22, வெப் ஆஃப் சயின்ஸில் 19. இதில் எது சரி? அந்த எண் எப்படித்தான் வருகிறது?

பதில்: மூன்று எண்களும் சரிதான். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் திரட்டி வைக்கும் மூன்று தரவுத்தளங்கள் இவை. கணக்கு ஒன்றே, எண்ண எடுத்துக்கொண்ட குவியல்தான் வேறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது இது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். மேற்கோள் எண்ணிக்கை வரிசை எண்ணுக்குக் குறையாமல் இருக்கும் கடைசி இடம் எதுவோ, அதுவே எச்-இண்டெக்ஸ். 40, 22, 15, 9, 6, 5, 3, 1 என்று எட்டுக் கட்டுரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், ஐந்துக்குக் குறையவில்லை. ஆறாவதற்கு 5 தான், ஆறைத் தொடவில்லை. ஆகவே எச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரைக்கு 40-க்குப் பதில் 4,000 மேற்கோள் வந்திருந்தாலும் இந்த 5 மாறாது. ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவரை இந்த எண் கண்டுகொள்வதில்லை என்பது இதன் முதல் குறை.

இனி குவியல். கூகுள் ஸ்காலர் இணையத்தில் அகப்படும் ஆய்வேடு, புத்தக அத்தியாயம், முன்பதிப்பு (மதிப்பாய்வுக்கு முன் இணையத்தில் இடும் வரைவு), மாநாட்டுச் சுருக்கம் எல்லாவற்றிலிருந்தும் மேற்கோளை எடுத்துக்கொள்கிறது. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுதிகளிலிருந்து மட்டும் எண்ணுகின்றன. அதனால் ஸ்காலர் எண் ஏறக்குறைய எப்போதும் பெரியதாகவே இருக்கும். வெப் ஆஃப் சயின்ஸில் இன்னொரு நுணுக்கம் உண்டு: உங்கள் நிறுவனம் எந்த ஆண்டுகளுக்கான தொகுப்புக்குச் சந்தா கட்டியிருக்கிறதோ, அதைப் பொறுத்தே சில எண்கள் தெரியும். ஒரே ஆளை இரண்டு நிறுவனங்களிலிருந்து தேடினால் இரண்டு எண் வருவது இதனால்தான்.

எனவே எச்-இண்டெக்ஸைத் தனியாக எழுதக் கூடாது. தரவுத்தளத்தின் பெயர், பார்த்த தேதி, சுயமேற்கோள் (தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது) சேர்த்ததா நீக்கியதா என்ற மூன்றையும் கூடவே எழுதுங்கள். "எச்-இண்டெக்ஸ் 22 (ஸ்கோபஸ், 10 மார்ச் 2025, சுயமேற்கோள் நீக்கி 20)" என்று எழுதினால் படிப்பவர் சரிபார்க்க முடியும். வெறும் "31" என்று எழுதியிருக்கும் தன்விவரத்தைப் பார்த்தால் மதிப்பீட்டுக் குழு தானே ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

இந்த எண் ஏறுமே தவிர, பதிவுத் திருத்தம் நடந்தாலொழிய இறங்காது. ஆய்வை நிறுத்திப் பத்து ஆண்டு ஆனவருக்கும் ஏறும். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரையும் ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவரையும் இதை வைத்து அருகருகே நிறுத்துவது அநியாயம். முதல் கட்டுரை வந்த ஆண்டிலிருந்து எத்தனை ஆண்டுகள் ஆயினவோ அதால் எச்-ஐ வகுக்கும் வழியை ஹிர்ஷே சொல்லியிருக்கிறார். மகப்பேறு, நோய், முழுநேர மருத்துவப் பணி என்று ஆய்விலிருந்து விலகியிருந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டு வகுப்பதே நேர்மை.

கேள்வி: என் பெயரில் இன்னொருவருடைய கட்டுரைகள் சேர்ந்திருக்கின்றன, என்னுடைய நான்கு கட்டுரைகளைக் காணோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: குடும்பப் பெயர் இல்லாத பெயர்முறை உள்ளவர்களுக்கு இது மிகுதியாக நடக்கிறது. ஒரு ஆய்விதழ் உங்கள் இயற்பெயரைக் கடைசிப் பெயராக எடுத்துக்கொள்ளும்; இன்னொன்று முதலெழுத்தை விரித்து அதையே கடைசிப் பெயராக்கிவிடும். தரவுத்தளத்துக்கு நீங்கள் இரண்டு ஆட்கள்.

ஆர்கிட் எண்ணிலிருந்து, அதாவது ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணிலிருந்து, தொடங்குங்கள். நான்கு நான்காகப் பிரித்த 16 இலக்கம். கடைசி இடத்தில் சிலருக்கு எக்ஸ் என்ற எழுத்து வரும், அது பிழை அல்ல. 2012-லிருந்து இலவசமாகத் தருகிறார்கள். பதிவு செய்யும்போது நிறுவன மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சல் ஒன்றையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். வேலை மாறியதும் நிறுவன முகவரி மூடப்பட்டு, கணக்கைத் திறக்க வழியில்லாமல் இரண்டாவது எண் வாங்குபவர்கள் நிறைய. அப்படி வாங்கினால் பழைய குழப்பம் இரட்டிப்பாகும். "மாற்றுப் பெயர்கள்" என்ற இடத்தில் உங்கள் பெயர் இதுவரை அச்சில் வந்த எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். பிறகு கட்டுரைகளுக்கும் தரவுத்தொகுப்புகளுக்கும் நிரந்தர எண் (டிஓஐ) பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப், டேட்டாசைட் அமைப்புகள் இரண்டுக்கும் தானாகப் புதுப்பிக்க அனுமதி கொடுங்கள். கட்டுரை சமர்ப்பிக்கும்போது ஆர்கிட் எண்ணைக் கொடுத்திருந்தால் வெளியானதும் அது தானே வந்து சேரும். பழைய மருத்துவக் கட்டுரைகளை யூரோப் பிஎம்சி என்ற தேடுதளம் வழியாகத் தேடி மொத்தமாக இணைக்கலாம்.

அடுத்து ஸ்கோபஸ். உங்கள் பெயரில் எத்தனை ஆசிரியர் பக்கங்கள் இருக்கின்றன என்று எல்லா எழுத்துவடிவங்களிலும் தேடுங்கள். அங்கேயே உள்ள திருத்தக் கோரிக்கைப் படிவத்தில் பக்கங்களை ஒன்றாக்கவும், உங்களுடையது அல்லாத கட்டுரைகளை நீக்கவும் கேட்கலாம். மற்றவருடைய கட்டுரையை நீக்கும்போது எண் குறையும். குறையட்டும். பிறர் உழைப்பு உங்கள் கணக்கில் இருப்பதை யாராவது கண்டுபிடித்துச் சொல்லும் நாள், எச்-இண்டெக்ஸ் இரண்டு குறையும் நாளைவிடக் கொடியது. வெப் ஆஃப் சயின்ஸிலும் ஆசிரியர் பக்கத்தை உரிமைகோரித் திருத்தலாம். கூகுள் ஸ்காலரில் புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை அணைத்துவிட்டு, "மின்னஞ்சலில் கேட்டுச் சேர்" என்று மாற்றிவிடுங்கள். ஸ்காலரில் கலப்படம் பெரும்பாலும் அந்தத் தானியங்கிச் சேர்ப்பால்தான் வருகிறது.

மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெடில் சரிபார்க்க, ஆர்கிட் எண்ணை எழுதி அதன் பின்னால் சதுர அடைப்புக்குள் ஏ-யூ-ஐ-டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தேடலாம். எண்ணோடு வந்த கட்டுரைகள் மட்டும் கிடைக்கும். ஆர்கிட் இல்லாத காலத்துக் கட்டுரைகளுக்குப் பெயரையும் நிறுவனத்தையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

கட்டுரை இருந்தும் மேற்கோள் மட்டும் காணாமல் போவதும் உண்டு. உங்களை மேற்கோள் காட்டியவர் ஆண்டையோ தொகுதி எண்ணையோ முதல் பக்க எண்ணையோ தவறாக எழுதியிருந்தால், இயந்திரம் அதை உங்கள் கட்டுரையோடு பொருத்தாது. வெப் ஆஃப் சயின்ஸில் "மேற்கோள் காட்டப்பட்ட குறிப்பு" என்ற தனித் தேடல் இருக்கிறது. அதில் உங்கள் பெயரையும் ஆய்விதழின் சுருக்கப் பெயரையும் கொடுத்தால் பிழையாக எழுதப்பட்ட வடிவங்களெல்லாம் தனித்தனி வரிகளாக வரும். அவற்றைக் காட்டித் தரவுத் திருத்தம் கேட்கலாம். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் முடிகிற வேலை.

கேள்வி: இம்பாக்ட் ஃபேக்டர் 10-க்கு மேல் உள்ள ஆய்விதழில் வந்தால் கட்டுரை தரமானது என்கிறார்களே?

பதில்: அது ஆய்விதழின் சராசரி, கட்டுரையின் மதிப்பெண் அல்ல. 2025-க்கான இம்பாக்ட் ஃபேக்டர் இப்படி வரும்: அந்த இதழ் 2023-லும் 2024-லும் வெளியிட்டவற்றுக்கு 2025-ல் கிடைத்த மேற்கோள்களை, அவ்விரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகள், மதிப்புரைக் கட்டுரைகள் (பிறர் ஆய்வுகளைத் தொகுத்து அலசுபவை) ஆகியவற்றின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1,000 மேற்கோள், 250 கட்டுரை என்றால் 4.0. இதில் ஒரு கோணல் இருக்கிறது. தலையங்கம், வாசகர் கடிதம் போன்றவற்றுக்கு வரும் மேற்கோள் மேலே உள்ள எண்ணில் சேரும். கீழே வகுக்கும் எண்ணில் அவை சேராது.

சராசரியைச் சில கட்டுரைகள் தூக்கிப்பிடிப்பது இன்னொரு கோணல். புற்றுநோய் மருத்துவர்களுக்கான 'சிஏ' என்ற ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 200-ஐத் தாண்டியது. அதில் ஆண்டுதோறும் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரையை உலகெங்கும் புற்றுநோய் பற்றி எழுதுபவர்கள் தங்கள் முதல் பத்தியிலேயே மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதே முதன்மைக் காரணம். அதே இதழில் வரும் மற்றக் கட்டுரைகளுக்கு அந்த எண்ணிக்கை கிடைப்பதில்லை.

இந்த அளவைக்கு வித்திட்ட யூஜின் கார்ஃபீல்ட் ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுக்க உதவும் கருவியாகத்தான் அதைக் கருதினார். ஆளை எடைபோட இதைப் பயன்படுத்தாதீர்கள் என்பதே 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா பிரகடனத்தின் மையக் கோரிக்கை. அதில் கையெழுத்திட்ட நிறுவனமே பதவி உயர்வுப் படிவத்தில் இம்பாக்ட் ஃபேக்டர்களின் கூட்டுத்தொகையைக் கேட்டால், எழுத்தில் கேள்வி எழுப்ப உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. சராசரிகளைக் கூட்டுவது கணக்குப்படியும் பொருளற்றது.

கேள்வி: என் ஆய்வு முதியோர் செவிலியப் பராமரிப்பு பற்றியது. இதயநோய் ஆய்வு செய்யும் சக ஊழியருக்கு என்னைப் போல் ஐந்து மடங்கு மேற்கோள். ஒரே குழுவின் முன் இருவரும் நிற்கும்போது என்ன செய்வது?

பதில்: துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறு. ஆய்வாளர் கூட்டம் பெரியதாகவும் ஒரு கட்டுரைக்கான குறிப்புப் பட்டியல் நீளமாகவும் இருக்கும் துறையில் எல்லோருக்குமே எண் கூடும். கட்டுரை வகையும் மாற்றும்: மதிப்புரைக்கு அதிகம், நோயாளி ஒருவரைப் பற்றிய அறிக்கைக்குக் குறைவு. செய்முறைக் கட்டுரைகளோ தனி உலகம். புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை விளக்கிய லௌரி குழுவின் 1951 கட்டுரை 3,00,000-க்கும் மேல் மேற்கோள் பெற்றது.

ஆகவே துறைக்கேற்பச் சீர்செய்த அளவைகளைக் கொடுங்கள். ஸ்கோபஸ் தரும் துறைசார் மேற்கோள் விகிதம், அதே ஆண்டு, அதே வகை, அதே துறைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு, உலக சராசரியை 1.00 என்று வைக்கிறது. 1.40 என்றால் சராசரியைவிட 40 சதவீதம் கூடுதல். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளம் இலவசம். பப்மெட் எண்களை ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் வரும். அங்கே 1.0 என்பது அந்த நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வுகளின் இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்). உலக சராசரி அல்ல. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

சராசரி இங்கேயும் ஏமாற்றும். ஒன்பது கட்டுரைக்கு 0.6, ஒரு கட்டுரைக்கு 24 என்றால் சராசரி 2.94. அந்த ஒரு கட்டுரையை எடுத்துவிட்டால் 0.6. பத்து, இருபது கட்டுரை மட்டும் உள்ளவர்கள் சராசரியோடு இடைநிலை மதிப்பையும் எழுத வேண்டும். வெளிவந்து இரண்டு ஆண்டு ஆகாத கட்டுரைக்கு இந்த விகிதங்களை நம்ப வேண்டாம். மூன்று மேற்கோள் கூடினாலே எண் தாவிவிடும்.

கேள்வி: ஒரு கட்டுரையில் 400 பேர் பெயர். அதில் ஒருவருக்கும் முதல் ஆசிரியருக்கும் ஒரே மேற்கோளா?

பதில்: தரவுத்தளக் கணக்கில் ஆம். உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற பெருங்கூட்டுத் திட்டங்களின் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். மேற்கோளும் ஆயிரக்கணக்கில் வரும். அப்படி ஐந்து கட்டுரையில் இடம்பெற்றவரின் மொத்த எண்ணிக்கை, தானே வடிவமைத்துப் பத்து மருந்துச் சோதனைகளை நடத்தியவரைவிட உயர்ந்து நிற்கும்.

யார் ஆசிரியர் என்பதற்குப் பன்னாட்டு மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. எழுதியது அல்லது அறிவார்ந்த திருத்தம் செய்தது. இறுதி வடிவுக்கு ஒப்புதல். ஆய்வின் எல்லாப் பகுதிக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர வேண்டும், மூன்று போதாது. நிதி வாங்கிக் கொடுத்தவர், துறைத்தலைவர், மொழி திருத்தியவர் ஆகியோர் அதற்காக மட்டும் ஆசிரியர் ஆகமாட்டார்கள், நன்றியுரையில்தான் இடம். பெருந்திட்டங்களில் பப்மெட் "கூட்டுப்பணியாளர்" என்று தனிப் பட்டியல் காட்டும். அதில் உள்ளவர் தன்விவரத்தில் ஆசிரியர் என்று எழுதுவது தவறு.

மதிப்பிடுபவர்களுக்குச் சொல்வது: முதல், கடைசி, தொடர்பு ஆசிரியராக உள்ள கட்டுரைகளுக்குத் தனியாக ஒரு மேற்கோள் எண்ணிக்கை கேளுங்கள். யார் எந்த வேலையைச் செய்தார் என்று 14 பங்களிப்பு வகைகளாகப் பிரித்துச் சொல்லும் கிரெடிட் முறை பல ஆய்விதழ்களில் கட்டுரையின் முடிவிலேயே அச்சாகிறது. ஐந்து முக்கியக் கட்டுரைகளுக்கு மட்டும் அதைப் படித்தாலே ஆளின் உண்மையான வேலை தெரிந்துவிடும்.

கேள்வி: "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியலில் இடம்பிடித்ததை ஒரு பல்கலைக்கழகம் தந்த விருதாகச் சொல்லலாமா?

பதில்: கூடாது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் அயோனிடிஸும் சக ஆய்வாளர்களும் ஸ்கோபஸ் தரவிலிருந்து தயாரித்து வெளியிடும் தரவுத்தொகுப்பு அது. யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. சூத்திரம் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கேற்பத் திருத்திய எச்-இண்டெக்ஸ், தனி ஆசிரியராகவும் முதல், கடைசி ஆசிரியராகவும் பெற்ற மேற்கோள் என ஆறு அளவைகளைச் சேர்த்த கூட்டு மதிப்பெண் அது. மொத்தத்தில் முதல் 1,00,000 இடத்துக்குள் வருபவர்களோ, தம் உட்துறையில் முதல் 2 சதவீதத்துக்குள் வருபவர்களோ இடம்பெறுவார்கள். முழுப் பணிக்காலத்துக்கு ஒரு கோப்பு, ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒரு கோப்பு. எந்தக் கோப்பு என்று சொல்லாமல் வரும் அறிவிப்பை ஏற்காதீர்கள். சுயமேற்கோள் விகிதமும், அண்மைப் பதிப்புகளில் திரும்பப்பெறப்பட்ட (பிழையோ மோசடியோ தெரிந்து செல்லாதென அறிவிக்கப்பட்ட) கட்டுரைகளின் எண்ணிக்கையும் அதே வரியில் இருக்கின்றன. அவற்றையும் பார்க்கலாம்.

கேள்வி: ஆய்விதழுக்கு நான் அனுப்பிய கட்டுரையை எடைபோடும் மதிப்பாய்வாளர் ஒருவர் தன் கட்டுரைகள் ஆறை மேற்கோளாகச் சேர்க்கச் சொல்கிறார். மறுத்தால் நிராகரித்துவிடுவாரோ?

பதில்: ஆறையும் படியுங்கள். பொருத்தமானது இருந்தால் சேருங்கள். மற்றவற்றுக்கு "இந்தக் கட்டுரையின் கேள்வியோடு தொடர்பில்லை" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, ஆய்விதழ் ஆசிரியருக்குத் தனிக் கடிதத்தில் தெரிவியுங்கள். முடிவெடுப்பவர் இதழாசிரியர்தான், மதிப்பாய்வாளர் அல்ல. ஆசிரியரே தம் இதழின் கட்டுரைகளைத் திணிக்கச் சொன்னால் அந்த இதழை விட்டு வெளியேறுங்கள்.

கேள்வி: மேற்கோள் அதிகம் என்றால் நம்பகமான ஆய்வு என்று பொருளா? திரும்பப்பெறப்பட்ட கட்டுரையை நான் மேற்கோள் காட்டாமல் இருப்பது எப்படி?

பதில்: தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998 லான்செட் கட்டுரை 2010-ல் திரும்பப்பெறப்பட்டது. அதற்கு ஆயிரத்துக்கும் மேல் மேற்கோள்; பெரும்பாலானவை அதை மறுப்பவை. எண்ணும் இயந்திரத்துக்கு மறுப்பும் ஏற்பும் ஒன்றே. கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுப்பது பற்றிய லான்செட் கட்டுரை 2020 மே 22-ல் வந்து ஜூன் 4-ல் திரும்பப்பெறப்பட்டது. இந்த இடைவெளியில் கோப்பை இறக்கி வைத்தவரின் கணினியில் அது இன்னும் நல்ல கட்டுரையாகவே இருக்கும்.

ஆகவே இறக்கி வைத்த கோப்பை நம்பாமல், கையெழுத்துப்படியை அனுப்பும் வாரத்தில் ஒவ்வொரு குறிப்பையும் பப்மெடில் திறந்து பாருங்கள். திரும்பப்பெறப்பட்டிருந்தால் மேலேயே அறிவிப்பு நிற்கும். ஸோடீரோ மென்பொருளில் குறிப்புகளை வைத்திருந்தால் அதுவே எச்சரிக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப்பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தொகுப்பு 2023-லிருந்து கிராஸ்ரெஃப் வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. முறைசார் மதிப்புரை (ஒரு கேள்வி பற்றிய எல்லா ஆய்வுகளையும் திரட்டி எடைபோடுவது) எழுதுபவர்கள் இதை இருமுறை செய்ய வேண்டும்: தேடல் முடிந்ததும் ஒருமுறை, சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை. ஒரு பொய்ச் சோதனை உங்கள் கூட்டுப் பகுப்பாய்வுக்குள் புகுந்தால் முடிவே திசைமாறி, அது நோயாளியின் மருந்துச் சீட்டுவரை போகும்.

திரும்பப்பெறுதல் எல்லாம் மோசடி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தம் கணக்கில் பிழையைத் தாமே கண்டு திரும்பப்பெற்றவர்களும் இருக்கிறார்கள். காரணத்தைப் படிக்காமல் ஆளைக் குற்றம் சாட்டாதீர்கள்.

கேள்வி: என் கட்டுரைக்கு 14 மேற்கோள் மட்டுமே. ஆனால் அதை வைத்து ஒரு சிகிச்சை வழிகாட்டு நெறி மாறியிருக்கிறது. அதை எப்படிக் காட்டுவது?

பதில்: மருத்துவ ஆய்வில் இதைவிடப் பெரிய பலன் இல்லை, ஆனால் மேற்கோள் எண்ணிக்கை இதைப் பெரும்பாலும் தவறவிடுகிறது. பல வழிகாட்டு நெறிகள் அரசு, சுகாதார அமைப்புகளின் தளங்களில் தனி அறிக்கையாக வருகின்றன. அவற்றின் குறிப்புப் பட்டியல் ஸ்கோபஸ் கணக்கில் ஏறுவதில்லை. நடைமுறையில் கலந்துவிட்ட கண்டுபிடிப்புக்கு மேற்கோள் நின்றுபோவதும் உண்டு. சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசலை வாய்வழி கொடுத்துக் காலராவைச் சமாளிக்கலாம் என்று 1968-ல் லான்செட்டில் காட்டினார்கள். இன்று அந்தக் கரைசலைக் கலக்கும் எந்தச் சுகாதாரப் பணியாளரும் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை.

எனவே நீங்களே தடத்தைத் தேடி எழுத வேண்டும். வழிகாட்டு நெறியின் முதன்மை ஆவணத்தில் நிற்காமல், அதன் சான்று இணைப்புகளைத் திறந்து, எந்தப் பரிந்துரையின் கீழ் உங்கள் ஆய்வு வருகிறது என்று பாருங்கள். பரிந்துரையின் எண், அது வலுவானதா நிபந்தனைக்கு உட்பட்டதா, சான்றின் உறுதி எந்த நிலை, உங்கள் ஆய்வைத் தவிர எத்தனை ஆய்வுகள் அதற்கு அடிப்படை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதை மறைக்காமல் எழுதுங்கள். மூன்றில் ஒன்று என்றால் மூன்றில் ஒன்று.

காக்ரேன் அமைப்பு வெளியிடும் முறைசார் மதிப்புரையில் உங்கள் பெயரைக் கண்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். "சேர்க்கப்பட்ட ஆய்வுகள்", "விலக்கப்பட்ட ஆய்வுகள்" என்று இரண்டு பட்டியல் இருக்கும்; இரண்டுமே மேற்கோளாக எண்ணப்படும். சேர்க்கப்பட்டிருந்தாலும் ஒருசார்பு அபாயம் (ஆய்வின் முடிவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் வாய்ப்பு) எந்த நிலையில் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விலக்கப்பட்டதைத் தாக்கம் என்று எழுதிவிட்டு நேர்காணலில் மாட்டிக்கொள்வது வருத்தமான காட்சி.

ஐசைட் தளத்தில் ஒரு கட்டுரையை மருந்துச் சோதனைகளும் வழிகாட்டு நெறிகளும் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்று தனியாகத் தெரியும். அரசுக் கொள்கை ஆவணங்களைத் தேட ஓவர்டன் போன்ற தரவுத்தளம் இருக்கிறது. செய்தி, சமூக ஊடகம், கொள்கை ஆவணங்களில் கட்டுரை பேசப்பட்டதை எண்ணும் ஆல்ட்மெட்ரிக் மதிப்பெண்ணின் மொத்த எண்ணைத் தராமல், அதற்குள் உள்ள கொள்கை ஆவண எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். சமூக ஊடகப் பகிர்வுகள் இங்கே எதையும் சொல்லாது.

இவற்றைச் சேர்த்து ஒரு பத்தி போதும்: கேள்வி என்ன, ஆய்வில் எத்தனை பேர், கண்டது என்ன, எந்த ஆண்டு எந்த ஆவணத்தின் எந்தப் பரிந்துரையில் நுழைந்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள். சோதனையின் பதிவு எண்ணையும், தரவு பொதுவில் இருந்தால் அதன் டிஓஐ எண்ணையும் கீழே கொடுங்கள். 14 மேற்கோள் என்பதையும் அப்படியே எழுதுங்கள், தரவுத்தளமும் தேதியும் சேர்த்து.